மணிமொழிக்கு விக்கல் வந்த வாரம்

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் மின்னல் பியூட்டி பார்லர் இருக்கிறது. முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாமே மணிமொழிதான். மாடியில் கூட்டம் எப்படி என்று கீழே இருக்கும் ஜெராக்ஸ்காரர் படியேறிப் பார்க்க வேண்டியதில்லை. அவள் குரல் ஏறி இறங்குவதை வைத்தே சொல்லிவிடுவார்.

அடி அண்ணாமலையில் பிறந்து, அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள் மணிமொழி. கல்யாணமான புதிதில், வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வேலூருக்குப் போய் அழகுக்கலை கற்றுக்கொண்டு வந்தாள். புருஷன் சுப்பிரமணி கத்திரியும் சாமந்தியும் போடுகிற விவசாயி. அவர் ஒரு வாரத்தில் பேசுவதை மணிமொழி காலைக் காபி ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவாள். இருவரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

மனித உடம்பைப் பற்றி அவளுக்குத் தொழில்முறையில் சில விஷயங்கள் தெரியும். புருவத்தில் நூலை ஓட்டினால் சில பேருக்கு மூக்கிலிருந்து தும்மல் பறக்கும். கண் இமையில் மை இழுக்கும்போது, 'சிமிட்டாதீங்க' என்று சொன்னால்தான் இமை அதிகமாகத் துடிக்கும். சூடான ஸ்ட்ரெயிட்னர் விரலில் பட்டால், கை முதலில் பின்னால் வந்துவிடும். சுட்டது அதற்கப்புறம்தான் உறைக்கும். இதெல்லாம் ஏன் என்று அவள் யோசித்ததில்லை. தும்முகிறவர்களுக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, முதல் ஆளாக ராணியம்மாள் வந்தார். தாலுகா ஆபீசில் துணைத் தாசில்தார். சிரிக்கவே கூடாது என்று அரசாணை வாங்கி வந்தவர் மாதிரி இருப்பார். ஆனால் மணிமொழியிடம் மட்டும் வாயைத் திறப்பார்.

"சீக்கிரம் முடிச்சுடு மணி. இன்னைக்கு ஜமாபந்தி. கலெக்டர் வர்றாரு."

"மேடம், உக்காந்து கண்ண மூடுங்க. தொறக்கறப்போ புருவம் ரெடியா இருக்கும்."

வலது புருவம் அருமையாக வந்தது. இடது புருவத்தின் வால் பக்கம் நூலைச் சுண்டும் அந்தக் கணத்தில்தான் மணிமொழியின் தொண்டையில் அது வெடித்தது.

விக்.

உடம்பே ஒரு குலுங்கு குலுங்கியது. நூல் போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. ராணியம்மாள் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். இடது புருவம் பாதியில் நின்றிருந்தது. மீதிப் பாதி நூலில் இருந்தது.

மணிமொழிக்கு மறுபடி ஒரு விக்கல் வந்தது.

"மணி," என்றார் ராணியம்மாள், மனு வாங்குகிற குரலில், "இத என்னா பண்ணலாம்னு சொல்லு."

பென்சிலால் வரைவது என்று முடிவானது. ஜாஸ்தி இல்லாமல், கம்மி இல்லாமல், வலது பக்கத்துக்கு ஜோடியாக வரும்வரை மணிமொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். நெற்றியில் வேர்த்தால் துடைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். வைகாசி வெயிலில், கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் அந்த ஜமாபந்தியில், பட்டா கேட்டு வந்த கூட்டத்தின் நடுவே, ராணியம்மாள் அன்று முழுவதும் முகத்தைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

விக்கல் நிற்கவில்லை. மத்தியானமும் இருந்தது, சாயங்காலமும் இருந்தது. ஒரு விக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சின்னதாக ஒரு வாக்கியம் பேசலாம், அவ்வளவு இடைவெளிதான். மணிமொழியின் வாக்கியங்கள் எதுவும் சின்னது கிடையாது. எல்லாமே நடுவில் அறுந்தன.

வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்களானார்கள். ஒருத்தி சர்க்கரையை வாயில் போடச் சொன்னாள். இன்னொருத்தி குனிந்துகொண்டு டம்ளரின் அந்தப்பக்க விளிம்பில் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அதில் ஜாக்கெட் நனைந்ததுதான் மிச்சம். கலெக்டர் ஆபீஸ் டைப்பிஸ்ட் ஒருத்தி, "அக்கா, உங்க மேல ஐ.டி. ரெய்டு வருதாம்" என்று பயமுறுத்திப் பார்த்தாள். மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு விக்கலும் வந்தது.

வீட்டில் மாமியார் பச்சையம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார். "யாரோ உன்ன நெனைச்சிகினு கீறாங்க. பேரைச் சொல்லிப் பாரு. சரியான பேரச் சொன்னா நின்னுடும்."

மணிமொழி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். அம்மா, அக்கா, சென்னையில் இருக்கும் நாத்தனார், கடை வாடகை கேட்கும் கட்டடக்காரர். எதற்கும் மசியவில்லை. கடைசியில் விளையாட்டாக, "பச்சையம்மா" என்றாள். அடுத்த விக்கல் வரக் காணோம். சுப்பிரமணியையும் சேர்த்து மூவரும் காத்திருந்தார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் எதுக்குடி உன்ன நெனைக்கணும்?" என்றார் பச்சையம்மாள். "எதிர்லயே நிக்கற." சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த விக்கல் வந்துவிட்டது. அதற்கும் அவர் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

புதன்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டாக்டரைப் பார்த்தாள். அவர் அவள் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, "கேஸ் டிரபிள்தாம்மா" என்று மாத்திரை எழுதினார். குணமாகவில்லை என்று மறுநாள் போனபோது வேறொரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டதும் விக்கல் நின்றது. கூடவே மணிமொழியும் நின்றுவிட்டாள். பார்லர் நாற்காலியில், வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில், தலை சாய்ந்து தூங்கிப்போனாள். எழுந்ததும் விக்கலும் எழுந்தது.

சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நெஞ்சுக்குழியில் அடித்துப் போட்ட மாதிரி வலி. அதைவிட, பேச முடியாததுதான் அவளை வாட்டியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி ஊர் பேரைக் கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆனால் அந்த வாரத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. வீட்டில் பேச்சு இல்லாமல் போனதும், சுப்பிரமணி பேச ஆரம்பித்தார். முதல் நாள் கத்திரியில் காய்ப்புழு விழுந்திருப்பதைச் சொன்னார். அடுத்த நாள், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நாடகத்தில் தனக்கு ஒரு வேஷம் கொடுத்து, வசனம் மறந்து மேடையை விட்டு ஓடிய கதையைச் சொன்னார். மணிமொழி அதைக் கேள்விப்பட்டதே இல்லை. இத்தனை வருஷமாக இந்த மனுஷன் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார் என்று வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்க வாய் வரும், விக்கல் முந்திக்கொள்ளும். அவரும் விக்கல் முடியும்வரை நிறுத்தி, அப்புறம் தொடர்வார்.

வெள்ளிக்கிழமை பார்லரின் பழைய வாடிக்கைக்காரி கீதாஞ்சலிக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி கட்டு, சாயங்காலம் செங்கம் ரோட்டு மண்டபத்தில் வரவேற்பு. வரவேற்பு அலங்காரம் மணிமொழியிடம் எப்போதோ பேசி முடித்தது. வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லி மணிமொழி முந்தின நாளே போன் செய்தாள்.

"அக்கா, எனக்கு பத்தாவதுல இருந்து புருவம் எடுக்கறது நீங்க," என்றாள் கீதாஞ்சலி. "எனக்கு எந்தப் பக்கம் கன்னம் உப்பலா இருக்கும்னு எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது. விக்கலோட வாங்க."

விக்கலோடு போனாள்.

மண்டபத்தின் மணமகள் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் கீதாஞ்சலியின் பெரியம்மா மகள் அபிநயா, பட்டுப் புடவையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படித்து முடித்து, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருப்பவள். தூக்கம் போதாத கண்கள்.

பூச்சு, பவுடர் எல்லாம் ஒருவழியாக முடிந்தது. கண்ணுக்கு மை இழுப்பதுதான் மலை ஏறுவதாக இருந்தது. மணிமொழி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். விக்கல் வரட்டும், வந்து போனதும் சட்டென்று ஒரு கோடு, கையை எடுத்துவிட்டு அடுத்த விக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். அது சரியாகத்தான் நடந்தது. ஆனால் தூரிகை நெருங்கும்போதெல்லாம் கீதாஞ்சலியின் இமை படபடத்தது. இவள் விக்கல் ஓய்ந்தால் அவள் சிமிட்டினாள். அவள் இமை ஓய்ந்தால் இவளுக்கு விக்கல். கீதாஞ்சலிக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. மணிமொழிக்கும் தொற்றியது. வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது.

அபிநயா பஜ்ஜியைப் பாதியில் கீழே வைத்தாள்.

"அக்கா, எத்தினி நாளா இருக்குது இது?"

"திங்கக்... கெழமைல இருந்து, பாப்பா."

"விடாமலேயா? டாக்டர் யாருனா காதுக்குள்ள பார்த்தாங்களா?"

மணிமொழி தூரிகையை இறக்கினாள். "விக்கலுக்குக் காத எதுக்கு பாக்கணும்?"

அபிநயா எழுந்து வந்தாள். தூக்கமெல்லாம் எங்கோ போயிருந்தது. "நீங்க நூல் போடறப்போ சில பேரு தும்முவாங்க, இல்ல? புருவத்தத் தொட்டா மூக்குல எதுக்கு தும்மல் வருது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் டிஷ்யூ குடுப்பேன்."

"புருவத்துக்கும் மூக்குக்கும் போற நரம்பு ஒரே நரம்போட கிளைங்க. புருவத்துல இழுத்தா, மூக்குல ஏதோ பூந்துடுச்சுன்னு உள்ள தப்பா எடுத்துக்குது. உடனே தும்மலுக்கு ஆர்டர் போய்டுது. உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. இப்போ இவ கண்ண எடுத்துக்குங்க. பிரஷ் கிட்ட வந்தாலே இமை மூடிக்குது. வேணும்னா செய்யறா?"

"நான் வேணும்னு செய்யலக்கா," என்றாள் கீதாஞ்சலி, கண்ணை மூடியபடியே.

"நமக்கு அடிபடக் கூடாதுன்னு உடம்பு சில வேலைங்கள மூளைகிட்ட பர்மிஷன் வாங்காமலே செஞ்சுடும். சூடு பட்டா சேதி முதுகுத் தண்டுவரைக்கும்தான் போவும். அங்கயே திரும்பி, கைய இழுத்துக்கோன்னு வந்துடும். மூளைக்குச் சேதி போய்ச் சேர்றதுக்குள்ள கை வந்துடுது."

மணிமொழி தன் விரலைப் பார்த்தாள். ஸ்ட்ரெயிட்னர் சுட்ட தழும்பு இருந்தது. "அட, ஆமா," என்றாள். "கைதான் மொதல்ல... வரும்."

"விக்கலும் அப்படித்தான். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தட்டு மாதிரி ஒரு தசை இருக்குது. மூச்சு இழுக்கறதே அதுதான். அது திடீர்னு வெட்டி இழுக்குது. காத்து உள்ள பாயுது. அதே நேரம் தொண்டை டப்புனு மூடிக்குது. அந்தச் சத்தம்தான் விக்கல். அத யாரோ தூண்டிவிடறாங்க. யாருன்னு கண்டுபிடிக்கணும். மூளைக்கு அடியில கிளம்பி, தொண்டை, நெஞ்சு, குடல்னு போற ஒரு நீள நரம்பு இருக்குது. வேகஸ். லத்தீன்ல ஊர்சுத்தின்னு அர்த்தம்."

"கிரிவலப் பாதையில சாமியாருங்க மாதிரி," என்றாள் மணிமொழி.

"அதேதான். அந்தச் சாமியாரு போற வழியில ஒரு சின்னக் கிளைய காதுக்குள்ள விட்டுட்டுப் போறாரு. காதுல ஏதாவது அத உறுத்திகினே இருந்தா சில பேருக்கு இருமல் வரும். அபூர்வமா விக்கல் வரும். நான் பரீட்சைக்குப் படிச்சேன். நேர்ல பார்த்தது இல்ல."

காது என்றதும் மணிமொழிக்கு ஞாபகம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காலேஜ் பெண்ணுக்கு முடியைக் குட்டையாக வெட்டி, டிரையர் வைத்து ஊதும்போது இடது காதில் குறுகுறுவென்றது. ஹேர்பின்னை விட்டுக் குடைந்தாள். குறுகுறுப்பு உள்ளே போய்விட்டது. அப்புறம் அவள் அதை மறந்துபோனாள்.

இதை விக்கலோடு சொல்லி முடிக்க நேரமானது. அபிநயா போன் வெளிச்சத்தை அடித்துக் காதுக்குள் பார்த்தாள். "உள்ள வளைஞ்சு போவுது. ஒண்ணும் தெரியல. நாளைக்கு காலைல ஆஸ்பத்திரிக்கு வாங்க. நீங்களா எதுவும் விட்டுக் குடையாதீங்க, செவிப்பறை ஓட்டையாயிடும்."

"நாளைக்கு எல்லாம் பாருங்க," என்றாள் கீதாஞ்சலி. "மாப்பிள்ளை ஸ்டேஜ் ஏறிட்டாராம். எனக்கு எடது கண்ணு இன்னும் மொட்டையா கீது."

விக்கலுக்கு நடுவே எப்படியோ இடது கண்ணும் முடிந்தது. மறுநாள் சுப்பிரமணி மணிமொழியை பைக்கில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். காது மூக்கு தொண்டைப் பிரிவில் நீள வரிசை. வரிசையில் நின்றவர்கள் மணிமொழியின் விக்கலைக் கேட்டு, இது அடுத்த பிரிவுக்குப் போக வேண்டிய கேஸ் என்று வழி சொன்னார்கள். அபிநயா வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பெரிய டாக்டர் சக்கரபாணி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காதில் ஒரு சின்னப் புனலை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார், சின்னக் கேமராவால் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். பிறகு நகர்ந்து, "நீ வந்து பாரும்மா," என்று அபிநயாவிடம் சொன்னார்.

அபிநயா பார்த்தாள். பட்டாசு வெடித்ததைப் பார்த்த குழந்தை மாதிரி முகம் ஆனது. "சார், செவிப்பறை மேலயே நிக்குது சார்."

"என்னாது நிக்குது?" என்றாள் மணிமொழி.

"முடிம்மா," என்றார் டாக்டர். "ஒரே ஒரு துண்டு முடி. ஆடாம இருங்க. விக்கல் வந்து போனதும் எடுத்துடறேன்."

விக்கல் வந்தது. மெல்லிய இடுக்கி உள்ளே போனது. மணிமொழிக்குத் திடீரென்று இருமல் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் இடுக்கி வெளியே வந்துவிட்டது. வெள்ளைப் பஞ்சின் மேல் டாக்டர் அதை வைத்தார். கண்ணிமை முடி நீளம்கூட இல்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு விக்கல் வந்தது. அபிநயாவின் முகம் வாடிவிட்டது. இன்னொன்றுக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. வெளியே நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த ஆள் வந்தார். அப்போதும் வரவில்லை.

மணிமொழி பஞ்சைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "பர்கண்டி," என்றாள். "ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு முடிக்கு நான்தான் இந்தக் கலர் போட்டேன். வெயில்ல பார்த்தாதான் செவப்பு தெரியும்."

"கேஸ் ஷீட்ல அதையும் எழுதிக்கோ," என்றார் சக்கரபாணி அபிநயாவிடம், சிரிக்காமல்.

"சார், மாத்திரை போட்டப்ப நின்னுச்சே, அது எப்படி?" என்று கேட்டாள் மணிமொழி.

"அது மூளையில இருக்கற ஆபீசைத் தூங்க வெச்சுது. வெளிய நின்னு மணி அடிக்கறவன் அப்படியேதான் நின்னான்."

"அப்போ சர்க்கரை, தண்ணி, மூச்சப் பிடிக்கறது, அதெல்லாம் சும்மாவா?"

"இல்ல. முழுங்கறது, மூச்ச நிறுத்தறது எல்லாமே அதே நரம்பத்தான் உலுக்குது. சாதா விக்கல்னா நின்னுடும். உங்களோடது சாதா இல்ல." எழுந்துகொண்டே, "காதுல இனி ஹேர்பின் போவக் கூடாது," என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் சுப்பிரமணி பைக்கோடு நின்றிருந்தார். மணிமொழி வருவதைப் பார்த்துக் கேள்வியாகத் தலையை ஆட்டினார். சொல்வதற்கு அவளிடம் ஒரு வாரப் பேச்சு குவிந்திருந்தது. முடி, சாமியார் நரம்பு, வெள்ளைப் பஞ்சு. ஆனால் ஏனோ வாயைத் திறக்கத் தயக்கமாக இருந்தது. பேசினால் விக்கல் திரும்பிவிடுமோ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது. அதோடு, தான் ஆரம்பித்தால் இந்த மனுஷன் மறுபடி மூடிக்கொள்வாரே என்றும் தோன்றியது.

"நின்னுடுச்சுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அவர் வண்டியைக் கிளப்பினார். பெரிய தெரு நெரிசலைத் தாண்டினார். அப்புறம், தலையைப் பாதி திருப்பி, "அந்தக் காய்ப்புழு சொன்னேன் இல்ல, அதுக்கு வேப்பெண்ணெய் அடிச்சுப் பார்த்தேன்," என்று ஆரம்பித்தார். மணிமொழி அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அடி அண்ணாமலை வரும்வரை கேட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்ட பிறகுதான் பச்சையம்மாளிடம் தன் கதையை எடுத்தாள். அது ராத்திரிச் சாப்பாடு வரை நீண்டது. இடையில் மாமியார் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, "ஆங், அப்புறம்?" என்றார்.

அடுத்த வாரம் அபிநயா போன் செய்தாள். கல்லூரியில் டாக்டர்களும் மாணவர்களும் கூடி அபூர்வமான கேஸ்களைப் பேசும் கூட்டம் நடக்கப்போகிறது. மணிமொழியின் கேஸைத் தான்தான் சொல்லப்போவதாகச் சொன்னாள். அக்காவுக்குச் சம்மதமென்றால் நேரில் வந்தால் நன்றாயிருக்கும் என்றாள். "வாயே திறக்க வேணாம்கா. உக்காந்திருந்தா போதும்."

மணிமொழி பார்லரைப் பூட்டிவிட்டு, அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். திரையில் தன் செவிப்பறையின் படத்தைப் பார்த்தாள். நிலா மாதிரி வெளுப்பாக, அதன் ஓரத்தில் ஒரு கோடாக அந்த முடி. பேசும்போது அபிநயாவின் இமை படபடத்தது. அது மேடைப் பயத்துக்கு உடம்பு செய்கிற வேலை என்று மணிமொழிக்கு இப்போது புரிந்தது. கண்ணாலேயே, 'நல்லாத்தான் சொல்ற' என்று தெரிவித்தாள்.

முடிந்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். காதைக் காட்டச் சொன்னார்கள். ஒரு கண்ணாடிக்காரப் பையன், தன் ரப்பர் சுத்தியலால் அவள் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்க்கலாமா என்று கூச்சத்தோடு கேட்டான். தட்டினான். கால் தானாக எகிறியது. செருப்பு பறந்து முன்வரிசை நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது.

"இன்னொரு தபா தட்டு," என்றாள் மணிமொழி. "நான் அடக்கிப் பார்க்கறேன்."

அடக்க முடியவில்லை. மூன்றாவது முறையும் முடியவில்லை. கேன்டீனில் டீயும் வடையும் வந்தன. சுற்றி உட்கார்ந்த பெண்களிடம், ஜமாபந்தி அன்றைக்கு வேர்வையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்த அதிகாரியைப் பற்றி, பெயரைச் சொல்லாமல், அவள் சொல்ல ஆரம்பித்தாள். டீ ஆறிப்போனது. அபிநயா இன்னொரு டீ வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தாள்.